சொல்லிக்காம வந்துருங்க

இது நடந்தது. யாரோ யாருக்கோ சொல்லிக் காது மாறி வந்த கதை அல்ல. நடந்தது இளவரசிக்கு. அவள் இன்றைக்கும் சேலம் அம்மாபேட்டையில்தான் குடியிருக்கிறாள். வேண்டுமானால் போய்ப் பாருங்கள். முகம் கொடுத்துப் பேசுவாள், காபி தருவாள், சாப்பிடாமல் அனுப்ப மாட்டாள். ஆனால் அவள் உங்கள் வீட்டுக்கு வந்தால், கிளம்பும்போது மட்டும் வாயைத் திறக்க மாட்டாள். எழுந்திருப்பாள், செருப்பை மாட்டுவாள், படியிறங்கிப் போய்விடுவாள்.

"ஏனுங்க, உங்க மருமக ஒரு வார்த்தை சொல்லிக்காமப் போறாளே. படிச்ச திமிருங்களா?" என்று சொந்தக்காரர்கள் அவள் மாமியாரிடம் கேட்டிருக்கிறார்கள்.

"அவ சொல்லிக்காமப் போறதுதானுங்க உங்களுக்கும் நல்லது, எங்களுக்கும் நல்லது" என்பார் மாமியார் சென்னம்மாள். அதற்குமேல் பேச மாட்டார்.

ஏன் என்று கேளுங்கள்.

இளவரசி சிவில் இன்ஜினீயர். மலைச்சரிவில் தாங்கு சுவர் கட்டுவது, மழைக்குச் சரிந்த ரோட்டை அளப்பது என்று ஏற்காட்டுக்கு அடிக்கடி பஸ் ஏறுகிறவள். கொண்டை ஊசி வளைவுகளைத் தூக்கத்திலேயே எண்ணிவிடுவாள். அந்த மலையில் கொட்டச்சேடு என்ற ஊருக்கு மேலே ஒரு பழைய காபி எஸ்டேட் கை மாறியது. புது முதலாளி சென்னைக்காரர். தோட்டத்துக்குள் ஒரு ரயில் குகை இருக்கிறது என்று தெரிந்ததும் அவருக்கு ஆசை பிடித்துக்கொண்டது.

வெள்ளைக்காரன் காலத்தில் அங்கே இருந்த துரை, காபி மூட்டைகளைச் சின்ன ரயிலில் ஏற்றி, மலையைக் குடைந்து, மறுபுறம் தலைச்சோலைப் பக்கச் சரிவுக்குக் கொண்டுபோகத் திட்டம் போட்டிருக்கிறார். இந்தப் பக்கமிருந்து ஒரு கூட்டம் வெட்டிக்கொண்டு போக வேண்டும். அந்தப் பக்கமிருந்து ஒரு கூட்டம் வெட்டிக்கொண்டு வர வேண்டும். நடுவில் இரண்டும் சந்திக்க வேண்டும். சந்திக்கவே இல்லை. வேலை பாதியில் நின்றுபோனது. மிச்சமிருக்கும் பாறையை உடைத்துவிட்டு உள்ளே பொம்மை ரயில் விட்டால் டூரிஸ்ட் கூட்டம் அள்ளும் என்பது புது முதலாளியின் எண்ணம். நடுவில் எவ்வளவு பாறை மிச்சம், கூரை தாங்குமா என்று அளந்து சொல்ல வேண்டியது இளவரசியின் வேலை.

கார்த்திகை மாதம். காலையிலிருந்தே பனிமூட்டம். வெளிச்சத்துக்கு அவள் கூட்டிக்கொண்டு போனது சாதிக் பாஷாவை. ஏற்காடு கடைவீதியில் சீரியல் லைட்டும் ஜெனரேட்டரும் வாடகைக்கு விடுகிறவர். கோயில் திருவிழாவோ தர்காவில் கந்தூரியோ, அவர் வண்டி வராமல் விளக்கு எரியாது. இளவரசியோடு எத்தனையோ இடங்களுக்கு வந்தவர். ஜீப்பில் ஏறும்போதே சொல்லிவிட்டார்.

"அம்மணி, அஞ்சு மணிக்கு நான் ஊட்டுல இருக்கோணும். பர்ஹானாவைப் பொண்ணு பாக்க ஆத்தூருல இருந்து வர்றாங்க. நான் இல்லீன்னா, மாப்பிள்ளைக்கு ஆக்குற பிரியாணியில என்ற ஊட்டுக்காரி ஜைனப் என்னையத்தான் வெட்டிப் போடுவா."

"மூணு மணிக்கெல்லாம் முடிஞ்சுரும் பாய்."

"நீங்க மூணுன்னா ஆறுங்க. உங்க கணக்கு எனக்குத் தெரியாதுங்களா?"

"இன்னைக்கு இல்லீங்க. பர்ஹானாவுக்காக மூணுன்னா மூணுதான்."

குகை வாசலில் இரும்புக் கதவு. சாவியோடு எஸ்டேட்டின் கணக்குப்பிள்ளை, ரைட்டர் ஆரோக்கியதாஸ் நின்றிருந்தார். வயதானவர். தலையில் மஃப்ளர். பூட்டைத் திறந்தார். திறந்த கையோடு நாலடி பின்னால் போய் நின்றுகொண்டார்.

"நீங்க உள்ள வரலீங்களா?" என்றாள் இளவரசி.

"எனக்கு மூச்சு வாங்குமுங்க. நீங்க போங்க. முடிஞ்சதும் சொல்லிக்காம வந்துருங்க."

"சரிங்க."

"மறந்துறாதீங்க அம்மணி. சொல்லிக்காம வந்துரோணும்."

"சரிங்க, சரிங்க."

ரைட்டர் இன்னும் ஏதோ சொல்ல வந்தார். குகையின் இருட்டைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டு தோட்டத்துக்குள் இறங்கிப் போய்விட்டார்.

பங்களா வரைக்கும் வந்து தன்னிடம் சொல்லிவிட்டுக் கிளம்ப வேண்டாம், நேராகப் போய்விடுங்கள் என்கிறார் பெரியவர். அப்படித்தான் இளவரசி எடுத்துக்கொண்டாள். சாதிக் பாஷாவும் அப்படித்தான்.

"நல்ல மனுசனுங்க. மத்த எஸ்டேட்டுல டீ குடிச்சுட்டுப் போங்கன்னு ஒரு மணி நேரம் புடிச்சு வெச்சுக்குவாங்க."

வாசலில் ஜெனரேட்டரை ஓட விட்டார். டுக் டுக் டுக் டுக்... பல்பு கோத்த ஒயரைச் சுவரோரமாக மாட்டிக்கொண்டே முன்னால் நடந்தார். பின்னால் அளக்கும் கருவியும் அதை நிறுத்தும் முக்காலியுமாக இளவரசி. மணி பதினொன்றேகால்.

முதல் பாதியைப் பார்த்து அவள் அசந்துபோனாள். நூல் பிடித்தது போல நேராக இருந்தது குகை. கூரையில் வரிசையாகச் சின்னச் சின்ன இரும்புக் கொக்கிகள், துருப்பிடித்து.

"இது என்னத்துக்குங்க? தொட்டில் கட்டவா?" என்றார் சாதிக் பாஷா.

"விளக்குத் தொங்கவிட பாய். அந்தக் காலத்துல இந்தக் கருவி ஏது? கொக்கிக்கு ஒரு விளக்கா நூல்ல தொங்கவிட்டு, பின்னால நின்னு பாப்பாங்க. எல்லா விளக்கும் ஒரே விளக்காத் தெரிஞ்சா நேராப் போறோம்னு அர்த்தம். இங்க ஒரு விரல் தப்புனா மலைக்கு நடுவுல ஆள் உயரம் தப்பும். ரெண்டு பக்கமும் ஒருத்தரை ஒருத்தர் பாக்காமயே போயிருவாங்க."

"நொம்ப விவரமான ஆளுங்கதான்."

சுவரில் நீளநீளமான அரைவட்டத் தடங்கள் இருந்தன. வெடிமருந்து வைக்கத் துளை போட்ட தடம். துளைத்து, வெடித்து, புகை போகக் காத்திருந்து, கல்லை அள்ளி, மறுபடி துளைத்து... கருங்கல் மலை. ஒரு நாளைக்கு ஒரு முழம் போனாலே பெரிது. கீழே தண்டவாளம் கூட அங்கங்கே மிச்சம் இருந்தது. வெடிப்பு விட்ட கூரையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது.

அதன் பிறகு குகை வளைந்தது.

இடது பக்கம். காரணமே இல்லாமல்.

இளவரசி நின்றாள். கொக்கிகள் நின்றுவிட்டிருந்தன. தண்டவாளம் நின்றுவிட்டிருந்தது. சுவரில் வெடித்துளைத் தடம் ஒன்று கூட இல்லை. வெறும் உளித்தடம். கொத்திக் கொத்தி எடுத்தது. அடர்த்தியாக, அவசரமாக, ஒன்றன்மேல் ஒன்றாக.

கொஞ்ச தூரத்தில் குகை வலது பக்கம் திரும்பியது. பிறகு மேலே ஏறியது. மறுபடி இடது. உயரம் குறைந்துகொண்டே வந்தது. தலை குனிந்து நடந்தார்கள்.

"குடிச்சுப்போட்டு வெட்டுனாங்களாட்ட இருக்குதுங்க" என்றார் சாதிக் பாஷா. "ரயிலு இதுல போகுமுங்களா?"

"ஆடு கூடப் போகாது பாய்."

"அப்புறம் எதுக்குங்க வெட்டுனாங்க?"

விளக்கை வரிசைப்படுத்தி நேராக வந்தவர்களுக்குத் திடீரென்று என்ன ஆனது? வெடி வைப்பதை விட்டுவிட்டுக் கையால் கொத்தினால் வேலை பத்து மடங்கு. யார் அப்படிச் செய்வார்கள்?

கடைசியில் பாறை வந்தது. முடிவு.

கடைசி பல்பைச் சாதிக் பாஷா அந்தப் பாறையை ஒட்டியே மாட்டினார். இளவரசி கருவியை நிறுத்தி அளந்தாள். அப்போதுதான் ஒன்று உறுத்தியது. வழியெல்லாம் தண்ணீர் சொட்டியது. இங்கே ஒரு சொட்டு இல்லை. பாறையின் அடியில் கல்சில்லுகள் கிடந்தன. வழியில் கிடந்த சில்லெல்லாம் பாசி பிடித்திருந்தன. இவை வெள்ளையாக, கூராக இருந்தன. ஒன்றை எடுத்துப் பார்த்தாள்.

சில்லு சூடாக இருந்தது.

"பல்பு சூடுங்க" என்றார் சாதிக் பாஷா. இருக்கும் என்று அவளும் நினைத்துக்கொண்டாள்.

"பாய், சுத்தியால மூணு தட்டுத் தட்டுங்க. சத்தத்துலயே பாறை கெட்டியா பொக்கையான்னு தெரிஞ்சுரும்."

டக். டக். டக்.

கெட்டிப் பாறை. குறித்துக்கொள்ளக் குனிந்தாள்.

டக்... டக்... டக்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"எதிரொலிங்களா?"

"எதிரொலி இத்தனை தாமசமா வராதுங்க."

சாதிக் பாஷா ஒரே ஒரு தட்டுத் தட்டினார். பிறகு பாறைக்குள்ளிருந்து... டக். டக். டக்.

அவர் சிரித்துவிட்டார். "அந்தப் பக்கம் ஆளு இருக்குதுங்கோவ். தலைச்சோலைக்காரங்க எவனோ உள்ள புகுந்து விளையாடறான்."

இளவரசிக்கும் அதுதான் தோன்றியது. எஸ்டேட்டின் பழைய வரைபடத்தில் அந்தப் பக்கமும் குகைக்கு ஒரு வாய் இருந்தது. மறுநாள் அங்கேதான் அளக்கப் போக இருந்தாள். சத்தம் இவ்வளவு தெளிவாகக் கேட்டால் நடுவில் பாறை அதிகமில்லை. நல்ல செய்திதான்.

அப்போது குரல் வந்தது. மெல்லியதாக. வயதான ஆண் குரல்.

"ஏனுங்க..."

நம் பக்கத்தில் அந்த வார்த்தைக்கு ஒரு குணம் உண்டு. அதில் பெயர் இல்லை. காதில் விழுந்தவர்கள் யாராக இருந்தாலும் பதில் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாமல் இருக்க வாய் விடாது.

"சொல்லுங்க" என்றார் சாதிக் பாஷா.

"எத்தனை பேருங்க?"

"ரெண்டு பேருங்க. அளக்க வந்திருக்கறோம். நீங்க எத்தனை பேருங்க?"

குரல் வேறொன்று கேட்டது.

"விடிஞ்சுருச்சுங்களா?"

"மத்தியானமே ஆச்சுங்களே" என்று சிரித்தார் சாதிக் பாஷா. சிரிப்பு பாதியில் நின்றது. இளவரசியைப் பார்த்தார்.

"தண்ணி இருக்குங்களா?"

அவர் கையில் இருந்த பாட்டிலைப் பார்த்தார். "இருக்குதுங்க. நடுவுல பாறை இருக்குதுங்களே, எப்படித் தர்றது?"

அந்தப் பக்கம் யாரோ பெருமூச்சு விட்டார்கள். விளக்கெண்ணெய் எரிகிற வாடை அடித்தது.

இளவரசி கருவியை மூடினாள். "போலாம் பாய்" என்றாள் மெதுவாக. அவளுக்கு அங்கே நிற்கப் பிடிக்கவில்லை. ஆனாலும் பெரியவர் ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு போக முடியுமா? சின்ன வயதிலிருந்து பழகிய வாய். அதுவாகவே சொல்லிவிட்டது.

"சரிங்க. நாங்க வர்றோமுங்க."

எல்லாச் சத்தமும் நின்றது.

பிறகு அந்தக் குரல், பாறையில் வாயை வைத்துச் சொல்வது போல, வெகு பக்கத்தில்...

"வாங்க."

இன்னொரு குரல். "வாங்க."

இன்னொன்று. இளங்குரல். "வாங்க..."

நெருக்கியடித்துக்கொண்டு எத்தனையோ தொண்டைகள்.

இருவரும் திரும்பி நடந்தார்கள். ஓடவில்லை. ஓடினால் பயந்ததாகிவிடும் என்று இரண்டு பேரும் நடந்தார்கள்.

வழி தப்ப வாய்ப்பே இல்லை. கிளைப்பாதை கிடையாது. சுவரோரம் ஒயர் போகிறது. ஒயரைப் பிடித்துக்கொண்டு போனால் ஜெனரேட்டர். ஜெனரேட்டருக்கு அப்பால் வெளிச்சம். வலது வளைவு. இறக்கம். இடது வளைவு. ஜெனரேட்டர் சத்தம் கேட்க ஆரம்பித்தது. டுக்... டுக்... டுக்... இருவருக்கும் உயிர் வந்தது. சத்தத்தை நோக்கி வேகமாக நடந்தார்கள். சத்தம் பெரிதானது.

டுக். டுக். டுக்.

டக். டக். டக்.

எதிரே பாறை.

கடைசி பல்பு எரிந்துகொண்டிருந்தது.

"ஒயரைத்தானுங்களே புடிச்சுட்டு வந்தேன்" என்றார் சாதிக் பாஷா. அவர் கை இன்னும் ஒயரில்தான் இருந்தது.

"திரும்புங்க பாய்."

மறுபடி நடந்தார்கள். இந்த முறை இளவரசி முன்னால். வளைவு. இறக்கம். வளைவு. தண்ணீர் சொட்டும் சத்தத்தைக் காதால் பிடித்துக்கொண்டே போனாள். சொட்டு... சொட்டு...

சத்தம் நின்றது. தரை காய்ந்திருந்தது.

எதிரே பாறை.

இந்த முறை அவள் ஒன்றைக் கவனித்தாள். கடைசி பல்பைப் பாறையை ஒட்டியல்லவா மாட்டினார்கள்? இப்போது பல்புக்கும் பாறைக்கும் நடுவே ஓர் ஆள் படுக்கலாம்.

கீழே சில்லுகள். புதிதாக. குவியலாக.

"யா அல்லாஹ்" என்றார் சாதிக் பாஷா. "மணி என்னங்க ஆச்சு?"

செல்போனைப் பார்த்தாள். பன்னிரண்டு ஐந்து. பாறையை அளக்கக் கருவியை நிறுத்தியபோது பார்த்ததும் அதே பன்னிரண்டு ஐந்துதான்.

"அஞ்சு மணிக்கு நான் ஊட்டுல இருக்கோணும் அம்மணி" என்றார் அவர். குழந்தை மாதிரி சொன்னார்.

"ஏனுங்க..." என்றது பாறை. "வந்துட்டீங்களா?"

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

சொல்லிக்காம வந்துருங்க.

எந்த வீட்டிலிருந்து ஜனங்கள் சொல்லிக்கொள்ளாமல் வருவார்கள்? வாசலில் பாடை கட்டிய வீட்டிலிருந்து. அங்கே மட்டும்தான் யாரும் போய்ட்டு வர்றேன் என்று சொல்வதில்லை. சொன்னால், திரும்ப வர வேண்டியிருக்கும்.

அவள் சொல்லிவிட்டாள். அதனால்தான் வந்துகொண்டே இருக்கிறாள்.

எந்த வாசலிலும் அவள் சொல்லியிராத வார்த்தையைச் சொன்னாள்.

"நாங்க போறோமுங்க."

தட்டும் சத்தம் நின்றது.

"திரும்ப வர மாட்டோமுங்க."

அந்த வயதான குரல் மறுபடி பாறையை ஒட்டி வந்தது.

"வேற யாராச்சும்... வருவாங்களாங்க?"

கண்ணை மூடிக்கொண்டாள்.

"இல்லீங்க. யாரும் வர மாட்டாங்க."

பாறைக்கு அப்பால் அந்த இளங்குரல் அழ ஆரம்பித்தது. யாரோ அவனை அதட்டினார்கள். பிறகு அந்த வயதான குரல், மரியாதை மாறாமல்...

"சரிங்க. பாத்துப் போங்க."

நடந்தார்கள். வலது. இறக்கம். இடது. பின்னால் அந்த இளங்குரல் மட்டும் விடாமல் வந்தது.

"ஏனுங்க... தண்ணி மட்டுமாச்சும்..."

சாதிக் பாஷா நின்றார்.

"நடங்க பாய். திரும்பாதீங்க."

"ஏனுங்க... ஒரு வாய்ங்க..."

அவர் திரும்பவில்லை. முணுமுணுத்தார். ஆனால் அவள் காதில் விழுந்தது.

"இருங்க. தண்ணி கொண்டாந்து தர்றேன்."

"பாய், என்ன சொன்னீங்க?"

"ஒன்னுமில்லீங்க. நடங்க."

முகத்தில் குளிர்ந்த பனி வந்து மோதியது. வெளியே வந்துவிட்டிருந்தார்கள்.

இருட்டிவிட்டிருந்தது. ஆரோக்கியதாஸ் டார்ச்சோடு நின்றிருந்தார். இன்னொரு கையில் ஜெபமாலை. இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மணி ஆறரைங்க" என்றார். "நாலு மணியிலருந்து கூப்பிட்டுட்டு நிக்கறேன்."

"லைட்டு எரிஞ்சுதுங்களே, அதனால நேரம் தெரியல" என்றார் சாதிக் பாஷா.

"ஏதுங்க லைட்டு? நான் வந்தப்பவே டீசல் தீந்து ஜெனரேட்டர் நின்னு கெடந்துச்சு."

இளவரசி அதைத் தொட்டுப் பார்த்தாள். ஜில்லென்று இருந்தது.

சாதிக் பாஷாவின் செல்போன் அடிக்க ஆரம்பித்தது. ஜைனப். அவர் எடுக்கவில்லை. கையில் இருந்த காலிப் பாட்டிலையே பார்த்துக்கொண்டு நின்றார். உள்ளே போனபோது அது நிறைய இருந்தது. இருவரும் ஒரு வாய் கூடக் குடித்திருக்கவில்லை.

கதவைப் பூட்டி, பங்களா வரைக்கும் கூட்டிக்கொண்டு போய், அடுப்படியில் உட்கார வைத்த பிறகுதான் ரைட்டர் வாயைத் திறந்தார்.

"அந்த வாசல்ல நின்னுட்டு வெவரமாச் சொல்லக் கூடாதுங்க. புரிஞ்சுக்குவீங்கன்னு நெனச்சேன். சொல்லிக்கிட்டீங்களா?"

இளவரசி தலையாட்டினாள். "தலைச்சோலைப் பக்கத்து வாய் வழியா யாராச்சும் உள்ள போக முடியுமுங்களா?"

"அங்க ஏதுங்க வாய்? அது இடிஞ்சு அதுமேல காபிச்செடி வெச்சு, அந்தச் செடியும் கெழடாயிருச்சு. அது இடிஞ்சதுனாலதானுங்க எல்லாமே."

அவருடைய தாத்தா இந்தப் பக்கக் கூட்டத்தில் உளி பிடித்தவர். வேலை பாதி முடிந்திருந்த சமயம். ஐப்பசி மழைக்கு அந்தப் பக்கத்து மலை சரிந்து குகை வாயை மூடிவிட்டது. உள்ளே ஆட்கள். வெளியிலிருந்து மண்ணை எடுக்க எடுக்கச் சரிந்துகொண்டே இருந்தது. இந்தப் பக்கம் இருந்தவர்கள் பாறையில் காதை வைத்தார்கள். அந்தப் பக்கம் தட்டும் சத்தம் கேட்டது.

"வெடி வெச்சா அவுங்கமேலயே கூரை விழுந்துரும். அதனால வெடியை விட்டுப்போட்டு உளியில கொத்துனாங்க. துரையோட விளக்கு, நூலு எல்லாத்தையும் விட்டுப்போட்டாங்க. சத்தம் எங்க கேக்குதோ அங்க வெட்டுனாங்க. பாறைக்குள்ள சத்தம் ஏமாத்துமுங்க. இடது பக்கம் கேக்கும். போனா வலது பக்கம் கேக்கும். அப்புறம் மேல கேக்கும்."

இளவரசி அந்த வளைவுகளை நினைத்துக்கொண்டாள். தடவித் தடவித் தேடிய கைகளைப் போன்ற வளைவுகள்.

"அப்புறம் சத்தம் நின்னுருச்சுங்களா? அதனாலதான் வெட்டறதை நிறுத்துனாங்களா?"

ஆரோக்கியதாஸ் அடுப்பைப் பார்த்தார்.

"நிக்கலீங்க. துரை போதும்னுட்டாரு. கூலி கெடையாதுன்னுட்டாரு. கடைசி நாளு எங்க தாத்தன் ஆளுங்க உளியைக் கீழ வெச்சுப்போட்டு, எப்படிச் சொல்றதுன்னு தெரியாம, பாறைகிட்ட வாயை வெச்சு வர்றோமுங்கன்னு சொல்லிட்டு வந்துட்டாங்க. அவுங்களும் வாங்கன்னாங்களாம்."

இளவரசி அன்று இரவே முதலாளிக்குப் போன் செய்து, கூரை தாங்காது, வேலை வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். சாதிக் பாஷாதான் அவளை ஜீப்பில் பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டுவந்து விட்டார். எப்போதும் பஸ் கிளம்பும்வரை ஜன்னலோரம் நின்று, "போய்ட்டு வாங்க அம்மணி" என்பவர், அன்று தண்ணீர்ப் பாட்டில் விற்கும் கடை முன்னால் நின்று எதையோ எண்ணிக்கொண்டிருந்தார்.

ஆத்தூர்க்காரர்கள் நல்லவர்கள். அவ்வளவு நேரமும் காத்திருந்து பெண்ணைப் பார்த்துவிட்டுத்தான் போனார்கள். நிக்காஹுக்குத் தேதி கூடக் குறித்தாகிவிட்டது.

தை பிறந்த சமயம் ஜைனப்பிடமிருந்து போன்.

"ஏனுங்க அம்மணி, அவரு உங்க கூட இருக்காருங்களா? நேத்து ரெண்டு பெரிய கேன்ல தண்ணி ஏத்திட்டு, கொட்டச்சேட்டுல ஒரு வேலைன்னு போனாருங்க. வருங்கால மருமகன் ஊட்டுக்காரங்க வந்து உக்காந்திருக்காங்க. போனு போகமாட்டேங்குதுங்க."

ஜீப் குகை வாசலில் நின்றிருந்தது. இரும்புக் கதவின் பூட்டு உடைந்திருந்தது. போலீஸ்காரர்கள் உள்ளே கடைசிவரை போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். ஆள் இல்லை. வேறு வழியும் இல்லை. குகை எவ்வளவு நீளம், ஒளிய இடம் உண்டா என்று கேட்டு இளவரசியை வரச் சொன்னார்கள். அவள் மாட்டேன் என்றாள். வாசலில் பர்ஹானாவின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்ற ஜைனப்பின் முகத்தைப் பார்த்தாள். போனாள்.

கடைசிப் பாறையின் முன்னால் இரண்டு தண்ணீர்க் கேன்கள். மூடி திறந்து கிடந்தன. இரண்டும் காலி. தரை காய்ந்திருந்தது.

பக்கத்தில் ஒரு சுத்தியல். சாதிக் பாஷாவின் சுத்தியல்தான். போன மாதம் வாங்கியது, பிடியில் விலைச் சீட்டு இன்னும் ஒட்டியிருந்தது. ஆனால் அதன் இரும்பு முனை, காலமெல்லாம் பாறையைக் கொத்தியது போல, மழுங்கித் தேய்ந்து போயிருந்தது.

அளந்தாள். குகை கார்த்திகையில் இருந்ததைவிட மூன்று மீட்டர் நீண்டிருந்தது. அந்த மூன்று மீட்டரும் வலது பக்கம் வளைந்திருந்தது.

போலீஸ்காரர்கள் முன்னால் நடந்தார்கள். அவள் முக்காலியை மடக்கிக்கொண்டிருந்தாள்.

டக். டக். டக்.

அவள் நிமிரவில்லை.

"ஏனுங்க..."

தெரிந்த குரல். எத்தனையோ வேலையில், எத்தனையோ வண்டியில், பக்கத்தில் உட்கார்ந்து கேட்ட குரல்.

"அம்மணி... விடிஞ்சுருச்சுங்களா?"

துப்பட்டாவை வாயில் திணித்துக் கடித்துக்கொண்டாள். கருவியை எடுத்தாள். நடந்தாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

வாசலில் ஜைனப் அவள் கையைப் பிடித்தார். "ஏதாச்சும் சத்தம் கேட்டுச்சுங்களா?"

இளவரசி இல்லை என்று தலையாட்டினாள். கையை விடுவித்துக்கொண்டு, சொல்லிக்கொள்ளாமல், ரோட்டை நோக்கி இறங்கிப் போனாள்.

குகை வாயைக் கான்கிரீட் போட்டு அடைத்துவிட்டார்கள். பர்ஹானாவின் நிக்காஹ் வாப்பா இல்லாமலே நடந்தது. போலீஸ் பைலில் சாதிக் பாஷா இன்னும் காணாமல் போனவர்தான்.

அன்று உள்ளே கேட்ட குரலைப் பற்றி இளவரசி ஒருவரிடமும் சொல்லவில்லை. மாமியாரிடம் மட்டும், அதுவும் வெகுநாள் கழித்துச் சொன்னாள். அன்று கேட்டது சாதிக் பாஷாவின் குரல் மட்டும் இல்லையாம். அது அடங்கியதும், அதற்குப் பின்னாலிருந்து அந்த வயதான குரல், கோபமே இல்லாமல், கணக்குச் சரியாக வராதவர் கேட்பது போல, ஒன்று கேட்டதாம்.

"ஏனுங்க... ரெண்டு பேருன்னீங்களே?"